மகமையில் எழுந்த பள்ளிகள்

கோவில்பட்டி, விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி போன்ற கரிசல் ஊர்களில் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினால், 'நாடார் உறவின்முறைக்குப் பாத்தியப்பட்டது' என்ற எழுத்து ஏதாவது ஒரு சுவரில் கண்ணில் படும். கோயில், கல்யாண மண்டபம், கடை வரிசை, அவற்றோடு பள்ளிக்கூடம். மணியாச்சிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்ப் பலகைகள் பழகிப்போனவை. உறவின்முறை என்றால் என்ன, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய கதை.

மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். அதற்கு முன் பருத்தியும் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டுவண்டியில்தான் போயின. வழியில் திருடர் பயம். அதனால் நாடார் வணிகர்கள் பாதை நெடுகப் 'பேட்டை' அமைத்தார்கள். சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, வண்டிகளை அவிழ்த்துவிட இடம், இரவுக் காவல் எல்லாம் அங்கே இருந்தன. இந்தச் செலவுக்காக ஒவ்வொரு வணிகரும் தன் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகை கொடுத்தார். அதுதான் மகமை. அதை வசூலித்துச் செலவு செய்த ஊர் அமைப்பு உறவின்முறை. முறைகாரர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்றார்கள். வரவையும் செலவையும் கூட்டத்தில் ஒப்பித்தார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இதில்தான் எல்லாம் இருப்பதாகத் தோன்றுகிறது. பொதுப்பணத்தைக் கையில் வாங்கி, பத்துப் பேர் முன்னால் கணக்குச் சொல்லிப் பழகியவர்தான் பிறகு நகரசபையிலும் சங்கத்திலும் தயங்காமல் எழுந்து பேசினார். அங்கே தலைமைக்கென்று தனிப் பயிற்சி வகுப்பு எதுவும் இல்லை. கணக்கு நோட்டே பயிற்சி.

காவலுக்கென்று தொடங்கிய மகமை ஏன் பள்ளிக்கூடத்துக்குப் போனது? பணம் சேர்ந்த பிறகும் மரியாதை வரவில்லை என்பதால். 1897-இல், தங்களை அனுமதிக்காத கமுதி கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மீது வழக்கு நடந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் நாடார்கள் தோற்றார்கள். இடையில், 1899-இல், நாடார்களுக்கு எதிரான சிவகாசிக் கலவரம். கோயில் கதவு அடைத்திருந்த காலத்தில் அவர்கள் தங்கள் கையால் திறக்க முடிந்தது பள்ளியின் கதவைத்தான். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலா 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே மகமைப் பணத்தில் எழுந்துவிட்டது.

1910-இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் உருவானபோது, ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த உறவின்முறைகளுக்கு ஒரு பொது மேடை கிடைத்தது. சங்கம் மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்தது. படித்து வேலைக்குப் போனவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்த பிள்ளைக்குப் போகும். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்று அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. கல்லூரிகளும் வந்தன: விருதுநகரில் 1947-இல் செந்திகுமார நாடார் கல்லூரி, 1962-இல் பெண்களுக்கு வன்னியப்பெருமாள் கல்லூரி, 1965-இல் மதுரை நாகமலையில் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி.

ஒதுக்கப்பட்ட சமூகம் தன் பிள்ளைகளைத் தானே படிக்கவைத்துத் தலைவர்களாக்கும் முயற்சி உலகில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. நியூயார்க்கில் குடியேறிய புவெர்ட்டோ ரிக்கோ மக்களுக்காக 1961-இல் அன்டோனியா பன்டோஹா தொடங்கிய 'ஆஸ்பிரா' என்ற அமைப்பு, பள்ளிகளில் மாணவர் மன்றங்கள் நடத்தியது. பிறகு நகரக் கல்வி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்து, ஆங்கிலம் சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியிலும் பாடம் நடத்த 1974-இல் வழிசெய்தது. ஆஸ்பிரா மாநகரத்தின் பொதுப் பள்ளிகளைத் தன் பிள்ளைகளுக்காக மாற்றப் போராடியது. உறவின்முறை தனக்கென்று பள்ளி கட்டிக்கொண்டது.

தனக்கென்று கட்டியதில் ஒரு குறை உண்டு. சாதியின் பெயரால் திரட்டிய பலம் சாதியின் எல்லையிலேயே நின்றுவிடலாம். அதே கரிசலில் நாடார்களைவிடக் கீழே தள்ளப்பட்டிருந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மகமை வசூலிக்கக் கடையும் இல்லை, வண்டியும் இல்லை. சங்கத்துக்குத் தலைமை ஏற்ற பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இதை உணர்ந்திருந்தார். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். உறவின்முறை வளர்த்த தலைமை தன் எல்லையைத் தாண்டிய தருணங்களில் இதை முதலாவதாக வைப்பேன்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். விருதுநகர்ப் பள்ளியைப் பிடி அரிசியும் தாங்கியது. உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தார்கள் வீட்டுப் பெண்கள். சேர்ந்ததைப் பள்ளிக்காகத் திரட்டினார்கள். அரிசி எடுத்து வைத்தவர்களுக்கு உறவின்முறைக் கூட்டத்தில் இடம் இருக்கவில்லை. கூட்டத்தில் குடும்பத்துக்காக உட்காரும் தலைக்கட்டு என்றால் ஆண்தான். இன்று இந்தக் கல்லூரிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், பெண்களும் திரளாகப் படிக்கிறார்கள். கணக்குக் கேட்கும் கூட்டத்திலும் பெண்கள் உட்கார வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

பிடி அரிசி தாங்கிய அந்த விருதுநகர்ப் பள்ளியில் படித்து, பாதியிலேயே நின்றுவிட்ட ஒரு மாணவர் காமராஜர். ஆறு வயதில் தந்தையை இழந்தவர். முதலமைச்சரான பிறகு 1956-இல், கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரான எட்டயபுரத்தில், பாரதி பிறந்த மண்ணில், மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் முழுக்க ஊராரின் உதவியை நம்பி அடுப்பு எரிந்தது. அரசு பெரும்பங்கை ஏற்ற பின்னும் ஒரு பங்கை ஊர்தான் தர வேண்டியிருந்தது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டார். அவர் முன்னின்று 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். இம்முறை கொடுத்தவர்களும் எல்லாச் சாதியினர், சாப்பிட்ட பிள்ளைகளும் எல்லாச் சாதியினர்.