ஜாமீன் கிடைத்தும் ஆள் வீடு திரும்பவில்லையா? பிணைப் பத்திரம் பற்றித் தெரிந்துகொள்வோம்

"பெயில் ஆர்டர் வந்துருச்சுன்னு வக்கீல் சொல்லி நாலு நாளாச்சு, ஆளு இன்னும் வரலையே?" ஜாமீன் வழக்குகளில் குடும்பத்தினர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. நீதிபதி ஜாமீன் கொடுப்பது ஒரு கட்டம், அந்த ஜாமீனுக்கான பத்திரத்தை நீதிமன்றம் ஏற்பது இன்னொரு கட்டம். இரண்டாவது முடிந்தால்தான் சிறைக்கு விடுதலை உத்தரவு போகும். பலர் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன்" என்று உத்தரவு வந்தால், அந்தப் பணத்தை யாரிடமும் இப்போது கட்ட வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகையைக் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் பத்திரம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. பிணையாளர் இல்லாமல் தானே எழுதிக் கொடுப்பது சொந்தப் பிணை. பிணையாளரோடு சேர்ந்து எழுதிக் கொடுப்பது பிணைப் பத்திரம்.

இணையத்தில் 'பெயில் பாண்ட்' என்று தேடினால் அமெரிக்க நிறுவனங்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்பது ஒரு தொழில். நம் சட்டத்தில் அப்படி ஒரு தொழிலுக்கு இடமில்லை. யாராவது "சூரிட்டிக்கு ஆள் தர்றேன், இவ்வளவு குடுங்க" என்றால் விலகி வந்துவிடுங்கள். பிணையாளர் ஒவ்வொருவரும், தான் இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறேன் என்பதையும் சேர்த்து நீதிமன்றத்தில் உறுதிமொழி தர வேண்டும் (பிரிவு 486). அதில் பொய் சொன்னால் அது தனி வழக்காகலாம்.

ஸ்டேஷனிலேயே ஜாமீன் உண்டா?

உண்டு. சாதாரணக் கைகலப்பு போன்ற, ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை. காவல் நிலையத்திலேயே விடலாம், விட முடியும் என்பதைப் போலீசாரே கைதானவருக்குச் சொல்ல வேண்டும். பிணையாளரைக் கொண்டுவர வசதியில்லாத ஏழை என்றால் சொந்தப் பிணையில் விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியவில்லை என்றாலே அவரை வசதியற்றவராகக் கருதலாம் என்று பிரிவு 478 சொல்கிறது. கொலை முயற்சி, கொள்ளை போன்ற 'ஜாமீனில் விட முடியாத' குற்றங்களில் ஜாமீனே கிடையாது என்று நினைக்க வேண்டாம். அங்கே முடிவு நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். வடுகபட்டி, பெரியகுளம் வட்டத்தில் இருப்பதால் பொதுவாக முதலில் பெரியகுளம் குற்றவியல் நடுவர் நீதிமன்றம், அடுத்து தேனி மாவட்ட அமர்வு நீதிமன்றம், அதற்கும் மேலே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

பிணையாளராக வருபவரிடம் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படம், வீட்டு வரி ரசீது அல்லது நிலத்தின் பட்டா நகல் கேட்பது வழக்கம். சில வழக்குகளில் தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்றிதழும் கேட்பார்கள். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். எந்தெந்தக் காகிதம் தேவை என்பதை உத்தரவைப் படித்து வக்கீலிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரசீது குறைந்தால் ஒரு நாள் போய்விடும், வெள்ளிக்கிழமை குறைந்தால் மூன்று நாள். ஆள் கிடைக்காதபோது, பத்திரத்துக்குப் பதிலாக ரொக்கமாகக் கட்ட அனுமதி கேட்கவும் வழி உண்டு (பிரிவு 490).

பிணை நிற்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா" என்று கூப்பிட்டால் யோசித்துப் போங்கள். அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் தொகையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்கு வரும். கட்டாமல், வசூலிக்கவும் முடியாமல் போனால் ஆறு மாதம் வரை சிவில் சிறை என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. அவர் போக்கு சரியில்லை என்று தெரிந்தால் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பிணையிலிருந்து விலகிக்கொள்ளலாம்.

வேற மாவட்டத்து ஆள் பிணை நிற்கலாமா?

வடுகபட்டிக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பொருந்தும். நம் பூண்டுச் சந்தைக்குச் சரக்கு கொண்டுவரும் பூம்பாறை, மன்னவனூர் விவசாயிகள் கொடைக்கானல் மலைக்காரர்கள், அதாவது திண்டுக்கல் மாவட்டத்தவர்கள். சந்தையில் நடந்த தகராறில் அப்படி ஒருவர் கைதானார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அண்ணன் நிலம் மலையில்தான் இருக்கும். அந்தப் பட்டா செல்லுமா?

இதற்கு 1978-லேயே விடை கிடைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகும், கீழே நடுவர் ரூ.10,000-க்குப் பிணை கேட்டார். பிணைக்கு வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தும் விட்டார். மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், வெளி மாவட்டம் என்பதற்காகப் பிணையாளரைத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தார். தெற்கேயிருந்து போன ஒரு தமிழரோ மலையாளியோ தொலைதூர ஊரில் கைதானால் அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார் என்றும் அதில் கேட்டிருந்தார். மோத்தி ராமை ரூ.1,000 சொந்தப் பிணையில் விடச் சொன்னார்கள்.

2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. உள்ளூர்ப் பிணையாளர்தான் வேண்டும் என்ற நிபந்தனையைத் தவிர்க்க வேண்டும். ஜாமீன் உத்தரவின் நகலைச் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பத்திரம் தர முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். ஆனால் ஒரு மாதம் காத்திருக்கணும்னு அவசியமில்லை. தொகை அதிகம், ஆள் கிடைக்கவில்லை என்று முதல் வாரத்திலேயே மனு போடலாம். பிணைத் தொகை மிதமிஞ்சி இருக்கக் கூடாது என்று பிரிவு 484 சொல்கிறது.

பணம் மட்டுமே தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2023-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளில் விசாரணைக் கைதிக்கு ரூ.40,000 வரை என்று இருந்தது. மாவட்ட அளவிலான குழு முடிவெடுக்கும். கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளுக்கு அந்த நெறிமுறைகளில் இடமில்லை.

வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருக்கும் எவரும் இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர், வருமானம் பார்க்க மாட்டார்கள். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. பெரியகுளம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. தேனி லட்சுமிபுரத்தில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. அதன் செயலாளரே ஒரு நீதிபதி. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் மனுதான். உள்ளே இருப்பவர் சிறையிலிருந்தே மனு கொடுக்கலாம்.

நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். பேசும் முன் காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண், கைதான தேதி, எந்தச் சிறை என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.