லினக்ஸ் மின்ட்டும் பாமினி விசைகளும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஓராண்டு நீடிப்புத் திட்டமொன்று அறிவிக்கப்பட்டபோதும், அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனப்படும், குறியாக்கச் சாவிகளைத் தனியே காத்துவைக்கும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்பதால், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணற்ற கணினிகள் அதற்குத் தகுதியற்றவையாக ஒதுங்கிவிட்டன. இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்திலுள்ள நற்பிட்டிமுனை, மருதமுனை, கல்முனை போன்ற ஊர்களின் போட்டோக்கொப்பிக் கடைகளிலும் ரியூஷன் நிலையங்களிலும் பள்ளிவாசல் அலுவலகங்களிலும் உள்ள பழைய கணினிகளுக்கும் இதே நிலைதான். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டு, 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350 ரூபாயைக் கடந்த பின்னர், அவற்றை மாற்றிப் புதியவை வாங்குவது எளிதன்று. விண்டோஸின் கள்ளப் பிரதியை நிறுவுவது பழகிய வழியாக இருப்பினும், அது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது என்பதோடு, நச்சுநிரல்களுக்கு வாசலைத் திறந்துவைப்பதும் ஆகும். இச்சூழலில்தான், சாதாரணப் பயனருக்கு ஏற்றதெனப் புகழப்படும் லினக்ஸ் மின்ட் இக்கரையோரத்துக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது.

லினக்ஸ் என்பது, கண்டிப்பாகச் சொன்னால், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய கருவத்தின் பெயர். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையில் நின்று நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பதே கருவத்தின் வேலை. அக்கருவத்தோடு திரை முகப்பு, உலாவி, அலுவலகச் செயலிகள், அவற்றை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் பொதி மேலாளர் ஆகியவற்றைச் சேர்த்துப் பயனரின் கைக்கு வரும் முழுத் தொகுப்பு வழங்கல் எனப்படும். 1993இல் தோன்றிய டெபியன் என்னும் வழங்கலின் மீது உபுண்டுவும், உபுண்டுவின் மீது 2006இல் கிளமென்ட் லெஃபெவ்ர் தொடங்கிய லினக்ஸ் மின்ட்டும் கட்டப்பட்டுள்ளன. உபுண்டுவின் முதற் பதிப்பு 2004 ஒக்டோபரில் வெளிவந்தது. கேட்டவருக்கெல்லாம் இறுவட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பி வைக்கும் ஏற்பாட்டை 2011 வரை அது நடத்தியதால், வேகமான இணைய இணைப்பு இல்லாத நாடுகளிலும் லினக்ஸின் பெயர் பரவியது. உபுண்டு வெளிவந்து இரண்டு மாதங்களில் நேர்ந்த ஆழிப்பேரலையின்போது, இலங்கையின் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாக எழுதிய சஹானா எனும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் கட்டற்ற மென்பொருளே. நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை என்பதால், இம்மென்பொருள் மரபு இப்பகுதிக்கு அந்நியமானது எனக் கூற இயலாது.

மின்ட்டை ஆதரிப்போரின் முதன்மையான வாதம், அது பயனரைத் திகைக்க வைப்பதில்லை என்பதாகும். உபுண்டு 2011இல் யூனிட்டி என்ற புதிய முகப்பைப் புகுத்தி, 2017இல் அதைக் கைவிட்டு க்னோம் முகப்புக்குத் திரும்பிய காலத்தில், மின்ட் தன் சொந்த முகப்பான சினமனை உருவாக்கி, கீழே பணிப்பட்டை, இடது மூலையில் பட்டியல் என விண்டோஸ் பயனரின் கை பழகிய அமைப்பையே காத்துவந்தது. குறைந்தது 2 கிகாபைட் நினைவகத்தில் இயங்கும் என அது அறிவித்தாலும், சினமனுக்கு 4 கிகாபைட் இருப்பதே நலம். அதற்கும் குறைந்த கணினிகளுக்கு எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான முகப்புடைய பதிப்பு உண்டு. 2024இல் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதும், புதுப்பிப்பு பிழைத்துப்போனால் கணினியை முந்தைய நிலைக்கு மீட்டெடுக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி உடன் வருவதும், அடிக்கடி மின்சாரம் தடைப்படும் இடங்களில் சிறிய விடயங்கள் அல்ல.

எதிர்வாதங்களும் வலுவானவையே. மின்ட் சிறிய குழுவொன்றின் உழைப்பில் நிற்கிறது. 2016 பெப்ரவரியில் அதன் இணையத்தளத்துக்குள் ஊடுருவியோர், தரவிறக்கக் கோப்புக்குப் பதிலாக இரகசிய வழி பொருத்தப்பட்ட கோப்பொன்றை வைத்த நிகழ்வு அக்குழுவின் காவலைக் கேள்விக்குள்ளாக்கியது. புதுப்பிப்புகளை ஆபத்தின் அளவுப்படி தரம்பிரித்து, கருவத்துக்குரியவை உட்படச் சிலவற்றைத் தயங்கித் தயங்கியே அது பரிந்துரைத்து வந்தமையைப் பாதுகாப்பு வல்லுநர்கள் கண்டித்தனர். 2018இல் வந்த 19ஆம் பதிப்பு இந்த அணுகுமுறையைப் பெருமளவு திருத்திக்கொண்டது. மறுபுறத்தில், ஒரு செயலியையும் அதற்குத் தேவையான துணை நூலகங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, உபுண்டுவின் உரிமையாளரான கனோனிக்கல் நிறுவனத்தின் ஒற்றைக் களஞ்சியத்திலிருந்து மட்டுமே வழங்கும் ஸ்னாப் முறையை 2020இல் மின்ட் மறுத்தமை பாராட்டுக்குரியது. கொள்கை ஒருபுறமிருக்க, கைத்தொலைபேசித் தரவுப் பொதியை அளந்து செலவிடும் வீட்டுக்கு ஸ்னாப்பின் பெரிய தரவிறக்கங்கள் வீண்செலவு. ஆயினும் மின்ட் ஆதரிக்கும், அதேபோலச் செயலிகளைப் பொட்டலமாக வழங்கும் ஃபிளாட்பக் முறையும் அதே குறையிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை.

இவை அனைத்தும் உலகின் எந்த மூலையிலும் நடக்கும் வாதங்கள். இக்கரையில் ஒரு கணினியின் பயன்படுதன்மையைத் தீர்மானிப்பது வேறொன்று: தமிழ், சிங்களம், ஆங்கிலம், அறபு ஆகிய நான்கு எழுத்துகளும் ஒரே மேசையில், பல வேளைகளில் ஒரே தாளில், தேவைப்படுகின்றன. தமிழ்த் தட்டச்சில் இன்னும் கோலோச்சுவது பாமினி. இது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீட்டு இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு என்பதால், பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அந்த எழுத்துருவைப் பிரதிசெய்து நிறுவினால், மின்ட்டுடன் வரும் லிப்ரே ஒஃபிஸ் பழைய கோப்புகளைத் திறந்து காட்டிவிடும். ஆனால் அவற்றைத் தேடவோ இணையத்தில் பகிரவோ, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் தரும் யுனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

பாமினியில் ஊறிய விரல்கள் புதிய விசைப்பலகையைக் கற்க மறுக்கும் என்ற அச்சமே பலரைப் பின்வாங்கச் செய்கிறது. இந்த அச்சம் பெருமளவு தேவையற்றது. இலங்கையில் தரமாக ஏற்கப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை, பாமினியைப் போலவே தட்டச்சுப்பொறி மரபில் வந்தது. விசைகளின் இடங்கள் பெரும்பாலும் ஒத்திருக்க, வெளிவருவது மட்டும் யுனிகோட் எழுத்தாக அமைகிறது. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றுக்கும் பொதுவான எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பில் இந்த ரெங்கநாதனும், தமிழ்99உம், சிங்களத்துக்கான விஜேசேகரவும் உள்ளன. அறபு விசைப்பலகை வழமையான பட்டியலிலேயே இருக்கிறது. மின்ட்டின் உண்மையான குறை இங்கேதான் வெளிப்படுகிறது: தமிழை மொழியாகத் தெரிவுசெய்தவுடன் இவை தாமாக இயங்கிவிடுவதில்லை. உள்ளீட்டு முறைகளை நிர்வகிக்கும் ஐபஸ் மென்பொருளையும் எம்17என் தொகுப்பையும் தனியே நிறுவி, கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டியுள்ளது. அறிந்தவருக்குப் பத்து நிமிட வேலையான இது, அறியாதவரை விண்டோஸுக்கே திருப்பி அனுப்பப் போதுமானது. அழகிய முகப்புக்குச் செலவிட்ட கவனத்தில் ஒரு பங்கையாவது மின்ட் குழு இதற்குச் செலவிட்டிருக்கலாம்.

அவ்வாறெனில் இந்நாட்டுக்கென்றே ஒரு வழங்கல் இருப்பது நல்லதல்லவா எனக் கேட்கலாம். அத்தகைய முயற்சி நடந்தது: 2009இல் தொடங்கிய ஹந்தான லினக்ஸ், ஃபெடோரா என்னும் வழங்கலை அடிப்படையாகக் கொண்டு இலங்கைப் பயனர்களுக்காக உருவாக்கப்பட்டது. ஆனால் ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரிக்கப்படுவதால், அதன் மீது எழுப்பப்படும் வழங்கலைச் சில தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் மீளக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அரசின் கை இருந்தாலும் போதாது என்பதற்குத் தமிழ்நாடு சான்று. அங்கே 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் ஒரே கணினியில் நிறுவி வழங்கப்பட்டன. விண்டோஸ் பக்கத்திலேயே இருக்கையில், சொல்லிக்கொடுக்க ஆளில்லாத மாணவர் எதைத் தெரிவுசெய்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று. கேரளத்தின் பாடசாலைகளோ புதிதாக ஒன்றைப் படைக்காமல், உபுண்டுவையே தம் பாடத்திட்டத்துக்கு இசைத்துக்கொண்டு, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, செய்முறைப் பரீட்சையையும் அதிலேயே நடத்தின. 2019இல் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அதன் புதிய பதிப்பு அனுப்பப்பட்டபோது, உரிமக் கட்டணமாக 3,000 கோடி இந்திய ரூபாய் மிச்சமானதாக அதை நடத்தும் கைட் நிறுவனம் கணக்கிட்டது. இப்பகுதியில் இதற்கு ஒப்பானதொன்று நடக்குமாயின், அது தகவல் தொழினுட்பப் பாட ஆசிரியர்களிடமிருந்தும், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களிடமிருந்தும் தொடங்குவதற்கே வாய்ப்பு அதிகம். மின்ட்டைத் தெரிந்த ஒருவர் தெருவுக்கு ஒருவராக இருப்பது, மின்ட்டின் எந்தப் புதிய வசதியையும் விடப் பெரிய வசதி.

மின்ட்டைக் கணினியில் நிறுவாமலேயே பென்ட்ரைவிலிருந்து இயக்கிப் பார்க்க முடியும் என்பதால், முடிவெடுக்குமுன் சிலவற்றைச் சோதித்துவிடலாம். கடையின் அச்சுப்பொறி இணைகிறதா, கம்பியில்லா இணைப்பு கிடைக்கிறதா, பாமினியில் தட்டச்சிட்ட பழைய விண்ணப்பப் படிவம் பக்கம் சிதறாமல் திறக்கிறதா என்பவை அவற்றுள் முதன்மையானவை. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்குப்பதிவு மென்பொருளையோ ஃபோட்டோஷொப்பையோ நம்பித் தொழில் நடத்துவோர், வன்தட்டைப் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்வதே தகும். அவர்கள் இணையத்துக்கு மின்ட்டையும், அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் இணைய இணைப்பற்ற பழைய விண்டோஸையும் பயன்படுத்தலாம்.