நிற்கும் காருக்கும் வயதாகும்

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். விற்பவரும் "எட்டு வருஷத்துல இருபதாயிரம்தான் ஓடியிருக்கு சார், வண்டி ஷெட்டுலயேதான் நின்னுச்சு" என்று அதையே பெருமையாகச் சொல்வார். ஓடினால் தேயும், ஓடாவிட்டால் தேயாது என்ற இந்தக் கணக்கு பிஸ்டனுக்கும் கிளட்ச்சுக்கும் ஓரளவு பொருந்தும். டயர், பேட்டரி, ஆயில் ஆகியவை கிலோமீட்டரோடு காலண்டரையும் பார்த்துக் கெடுகிறவை. கார் கம்பெனிகள் கையேட்டில் 'பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியதோ அப்போது' என்று ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான். நாம் அந்த வரியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, வண்டி ஓடவே இல்லையே என்று சர்வீஸைத் தள்ளிப்போடுகிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்குப் போய்வரும் கார்தான், தினமும் ஓடும் காரைவிட அதிகக் கவனம் கேட்கும் கார்.

டயரில் இது நன்றாகத் தெரியும். பட்டன் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுவோம். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும் என்பது சரிதான். அந்த அளவைக் காட்ட பள்ளங்களுக்குள்ளேயே சிறு மேடுகளை வைத்திருக்கிறார்கள். ஆனால் ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் மெல்ல இறுகி வெடிக்கிறது. அதைத் தடுக்க ரப்பரோடு ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். டயர் உருளும்போது வளைந்து நிமிர்வதால் அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காப்பாக நிற்கும். மாதக்கணக்கில் நிற்கும் டயருக்கு அந்த வாய்ப்பு குறைவு. பக்கச் சுவரில் நகத்தால் கீறியதுபோல மெல்லிய வெடிப்புகள் ஓடுவது அதனால்தான். போதாததற்கு, நிற்கும் டயரில் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இந்த நிலையில் ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, மே மாத வெயிலில் திருச்சி சாலையில் நான்கு மணி நேரம் என்றால், டயர் வெடிப்பதற்கு வேண்டிய எல்லாமே ஒன்றுகூடிவிடும்.

டயரின் வயதை அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது மிஷலின் நிறுவனம். பத்து வருடம் ஆனால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கழற்றச் சொல்கிறது. இது டயர் விற்கிறவர்களின் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. விற்கிறவர் பேச்சைச் சந்தேகப்படுவது நியாயமே; ஆனால் தேதியையும் வெடிப்பையும் நாமே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் இதே வயதுதான். ஒரு நாள்கூட ஓடாததால் அது புதுசு என்று நினைத்து முன்சக்கரத்தில் மாட்டுபவர்கள் பலர்.

அதே சுவரில் 185/65 ஆர்15 88எச் என்பதுபோல ஓர் எழுத்துக்கோவை இருக்கும். கடைசியில் வரும் 88 என்பது, சரியான காற்றழுத்தத்தில் அந்த டயர் ஒவ்வொன்றும் 560 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை. டி என்றால் 190. நம் சாலையில் 210-இல் யார் ஓட்டப்போகிறார்கள், விலை குறைந்த டயரே போதாதா என்று கேட்கலாம். அந்த எழுத்தை வேகத்துக்கான அனுமதியாக எண்ண வேண்டாம். டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதன் அளவு அது. அதுவும் புதிதாக, காற்று சரியாக இருக்கும் டயருக்கான அளவு. வயதும் சுமையும் கூடக்கூட அந்தத் தாங்குசக்தி குறையும் என்பதால் கார் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்கக் கூடாது. காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும். காசு கொடுத்து நைட்ரஜன் நிரப்பலாமா என்றால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை அளவு பார்ப்பதே முக்கியம்.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுறோமே, அது போதாதா?" என்பது அடுத்த கேள்வி. அது பெரும்பாலும் கெடுதலையே செய்கிறது. கார் நின்றாலும் அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம் எல்லாம் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சுகின்றன. ஸ்டார்ட் செய்ய நிறைய கரண்ட் போகிறது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமுவதில் அது முழுவதும் திரும்பி வராது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியும், இன்ஜின் முழுதாகச் சூடேறாததால் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுவதே சரி. பெட்ரோல் செலவு உண்டு, ஆனால் அது புது பேட்டரியின் விலையில் சிறு பங்குதான். மாதக்கணக்கில் யாருமே ஓட்ட முடியாது என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, டயரில் காற்றைச் சரிபார்த்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். கவர் காற்றுப் போகும் துணியாக இருக்கட்டும். பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஹெட்லைட் மங்கலானால் பல்பைத்தான் முதலில் குற்றம் சொல்வோம். வெயிலில் நிற்கும் காரில் பெரும்பாலும் குற்றவாளி முன்னாலுள்ள பிளாஸ்டிக் கண்ணாடி. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு அது மஞ்சளாகிவிடும். பாலிஷ் போட்டாலே பாதி வெளிச்சம் திரும்பும் நிலையில், 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஹோல்டர் உருகும், வயர் கருகும். ஹாலஜனுக்காகச் செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் எதிரே வருபவர் கண் கூசும். நம் ரோட்டில் அந்த அநியாயம் ஏற்கெனவே போதுமான அளவு நடக்கிறது. பல்பு மாற்றும்போது கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

இந்த வருடம் ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வயதான டயருக்கே அதைக் கொடுங்கள். பேட்டரி போனால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், பல்பு போனால் பகலில் போய்ச் சேரலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் டயர் வெடித்தால் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.