புரதத்தின் உருவங்காட்டும் ஒளி

இன்சுலின் என்னும் மருந்தின் பெயரைக் கேளாதார் இன்று அரியர். நீரிழிவு நோயாளரைக் காக்கும் அப்புரதத்தின் படிகத்தை 1935-ஆம் ஆண்டில் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிர்கொண்டு படமெடுத்தார். ஆயினும் இன்சுலினின் உருவம் தெளிவாகப் புலப்பட்டது 1969-ஆம் ஆண்டில்தான். அந்த இறுதிக் கட்டத்தில் ஆக்ஸ்போர்டில் அவருடன் உழைத்தோருள் நம் நாட்டு விஞ்ஞானி எம். விஜயனும் ஒருவர். ஓர் உருவத்தைக் காண 34 ஆண்டுகள் ஏன் வேண்டியிருந்தன? இன்று அவ்வேலை எங்ஙனம் விரைவாக நடைபெறுகிறது? அதற்கென நம் நாட்டில் அமைந்துள்ள சாதனம் யாது? இவற்றைச் சிறிது நோக்குவோம்.

ஒரு பொருளைக் காண வேண்டுமாயின், அதன் அளவிற்கு ஏற்ற ஒளி வேண்டும். புரத மூலக்கூறு அணுக்களால் ஆயது. அடுத்தடுத்துப் பிணைந்த அணுக்களிடையே உள்ள தொலைவு, ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒன்றிரண்டு கூறுகளே ஆகும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ அதனினும் சில ஆயிரம் மடங்கு பெரியது. அகன்ற கண்ணுள்ள வலையில் அயிரை மீன் சிக்குமோ? அணுக்களின் இடைவெளிக்கு ஒத்த அலைநீளமுடையது எக்ஸ் கதிரே.

எனினும், எக்ஸ் கதிரைக் குவித்துப் புரதத்தின் அணுக்களை நேரே காட்டவல்ல லென்சு நம்மிடம் இல்லை. ஆதலின் விஞ்ஞானிகள் சுற்றுவழியை மேற்கொள்கின்றனர். புரதத்தைப் பக்குவமாகப் படிகமாக்குகின்றனர். படிகத்தில் கோடானுகோடி மூலக்கூறுகள் படைவீரர்போல் அணிவகுத்து நிற்கின்றன. அதன்மீது கதிர் பாய்ந்ததும், சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கலந்து புள்ளிகளாகப் பதிகின்றன. அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் அளந்து, கணக்கின் மூலம் உருவத்தை மீட்கிறார்கள்.

பண்டைய முயற்சிகள் நீடித்தமைக்குக் கணக்கிடும் யந்திரங்கள் வளராதிருந்தமை ஒரு காரணம். ஒளியின் வலிமைக் குறைவு மற்றொரு காரணம். புரதப் படிகம் உப்புக்கல்லினும் சிறியதாயிருக்கும், எளிதில் சிதையும். சாதாரண எக்ஸ் கதிர்க் குழாயின் மெல்லிய கதிரில் அதை நெடுநேரம் வைத்திருந்தால், படம் தெளிவதற்கு முன்பே படிகம் கெட்டுவிடுவதும் உண்டு.

இக்குறைக்கு மருந்து எதிர்பாராத இடத்தினின்று கிடைத்தது. 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சிங்க்ரோட்ரான் என்னும் யந்திரத்தில் வளைந்தோடிய எலெக்ட்ரான்கள் ஒளி வீசுவதைக் கண்டார்கள். எலெக்ட்ரான்களை விரைவுபடுத்த முயன்றோருக்கு இவ்வொளி சக்தியின் இழப்பாகவே தோன்றியது. பின்னர் அந்த இழப்பையே பிறர் செல்வமாக்கிக்கொண்டனர்.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில், ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில், இத்தகைய ஒளிக்காகவே அமைந்த வளையம் ஒன்று உண்டு. இந்துஸ்-2 என்பது அதன் பெயர். அதன் சுற்றளவு ஏறத்தாழ 172 மீட்டர். காற்று நீக்கப்பட்ட அதன் குழாயினுள், 250 கோடி எலெக்ட்ரான்-வோல்ட் சக்தி பெற்ற எலெக்ட்ரான்கள், ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சம் முறை சுற்றி வருகின்றன. 16 பெருங்காந்தங்கள் அவற்றை வளைக்கின்றன. வளையுந்தோறும் எக்ஸ் கதிர் தெறிக்கிறது. அக்கதிரை ஆய்வுக்கூடத்திற்கு இட்டுச் செல்லும் வழியே ஒளிப்பாதை.

இந்துஸ்-2 வளையத்தைச் சுற்றியுள்ள ஒளிப்பாதைகளுள் 21-ஆம் எண்ணுடையது புரதப் படிகங்களுக்கு உரியது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் அதனை நிறுவினர். ஏரியினின்று புறப்படும் நீரை மதகும் வாய்க்காலும் நெறிப்படுத்துவதுபோல, இங்கே கதிரை நெறிப்படுத்துகிறார்கள். சிலிக்கன் படிகங்கள் பல அலைநீளங்களினின்று வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன. ஆடிகள் அதனைக் குவிக்கின்றன. காரீயம் பதித்த அறையினுள் புரதப் படிகம் ஒரு நுண்ணிய வளையத்தில் ஏந்தப்பட்டு, குளிர்ந்த நைட்ரஜன் வாயுவில், பூஜ்யத்திற்குக் கீழ் 173 டிகிரி அளவில் காக்கப்படுகிறது. அதனைச் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பிப் படமெடுக்கின்றனர். கதிர் பாயும்போது அறைக்குள் ஒருவரும் இருத்தலாகாது.

அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும் பயனுடையது. படத்தில் புள்ளியின் செறிவு பதியுமேயன்றி, அலைகள் ஏற்றத்தில் வந்தனவா இறக்கத்தில் வந்தனவா என்பது பதியாது. அஃது அறியாமல் உருவத்தை மீட்க இயலாது. புரதத்தினுள் செலினியம் அணுக்களைப் புகுத்தி, அவை மிகுதியாக உட்கவரும் அலைநீளத்தில் படமெடுத்தால், மறைந்த செய்தியையும் உய்த்துணரலாம்.

இவ்வளவு பாடும் எதற்காக? எய்ட்ஸ் நோயின் வைரஸ் பெருகுவதற்கு ஒரு புரதம் இன்றியமையாதது. அதன் உருவம் 1989-இல் அறியப்பட்டது. அதன் பள்ளத்தில் பொருந்தி அதனைச் செயலறச் செய்யும் மருந்துகளுள் முதலாவது 1995-இல் வழக்கிற்கு வந்தது. உருவம் தெரிந்தமையால் மருந்தாக்கும் வேலை இருளில் துழாவுவதாக இல்லை.

நம் விஞ்ஞானிகள் படிகங்களைப் பேணியெடுத்துக்கொண்டு பிரான்சு நாட்டின் கிரெனோபிள் போன்ற இடங்களுக்குச் சென்று வந்திருக்கின்றனர். அங்கு இந்தூரினும் ஒளி மிக்க வளையங்கள் உள்ளன. மிகச் சிறிய படிகங்களுக்கு அவை இன்றும் தேவையே. ஆயினும், கடல் கடந்து செல்லும் வாய்ப்பும் பொருளும் எல்லா மாணவருக்கும் வாய்ப்பதில்லை. இந்தூரின் ஒளிப்பாதையோ நாடெங்கிலுமுள்ள பல்கலைக் கழகத்தாருக்குத் திறந்திருக்கிறது. ஒரு சிற்றூர்க் கல்லூரியில் பயின்று ஆராய்ச்சிக்கு வந்த மாணவி, தான் வளர்த்த படிகத்துடன் இரவு ரயில் ஏறி அங்கே செல்லலாம். படிகம் பழுதானால் திரும்பி வந்து வேறொன்று வளர்த்து, மீண்டும் செல்லலாம். பிழை செய்து திருத்திக்கொள்ள இடமிருந்தாலன்றோ கல்வி வளரும்? அந்த இடத்தை நம் நாட்டிலேயே அளிப்பது இவ்வொளிப்பாதையின் தலையாய பயன் என்று கருதுகிறோம்.