உருகவில்லை, இளகியது

மோதலைத் தாங்கிய கோபுரங்களைத் தீ சாய்த்த கதை

விமானம் முதலில் மோதியது வடக்குக் கோபுரத்தில். ஆனால் முதலில் விழுந்ததோ தெற்குக் கோபுரம். 2001 செப்டம்பர் 11 காலை, நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 16 நிமிடம் பிந்தித் தாக்கப்பட்ட கட்டடம், 29 நிமிடம் முந்திச் சரிந்தது.

இரண்டும் 110 மாடிக் கட்டடங்கள். மோதிய வேகத்தில் இரண்டுமே விழவில்லை. நாற்புறச் சுவர்களிலும் நெருக்கமாக நின்ற 236 எஃகுத் தூண்களில் முப்பதுக்கும் மேல் ஒவ்வொன்றிலும் அறுந்தன. அவை சுமந்த எடையை மற்ற தூண்கள் ஏற்றுக்கொண்டன.

பிறகுதான் தீ தன் வேலையைத் தொடங்கியது. எஃகு உருக சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அலுவலகத் தீ அவ்வளவு சூடேறாது. அப்படியானால் எஃகு எப்படி உருகியது என்ற சந்தேகம் பலருக்கு. அது உருகவே இல்லை. 600 டிகிரியிலேயே எஃகு தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். அதைத் தடுக்கத்தான் தீக்காப்புப் பூச்சு. சிதறிய விமானத் துண்டுகள் அந்தப் பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டன. விமான எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்தது. தொடர்ந்து எரிந்தவை மேசை, நாற்காலி, காகிதம்.

சூடேறிய தளங்கள் தொய்ந்தன. தொய்ந்தவை வெளித் தூண்களை உள்நோக்கி இழுத்தன. வடக்குக் கோபுரத்தின் தெற்குச் சுவர் ஒரு மீட்டருக்கும் மேல் உள்வாங்கியது புகைப்படங்களில் பதிவாகியிருக்கிறது. வளைந்த தூண் சுமை தாங்காது. மேற்பகுதி மொத்தமாக இறங்கியபோது, கீழ்த்தளங்களால் அதை நிறுத்த முடியவில்லை.

தெற்குக் கோபுரம் முந்தியதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. அங்கே விமானம் தாழ்வாக, 77 முதல் 85 வரையிலான தளங்களில் மோதியது. அடிபட்ட இடத்துக்கு மேலே 25 தளங்களின் பாரம். வடக்கில் அது 11 தளங்கள்தான். மையத் தூண்களுக்கும் தெற்கில்தான் சேதம் அதிகம். 56 நிமிடத்தில் அது விழுந்தது. வடக்குக் கோபுரம் 102 நிமிடம் நின்றது.

அருகிலிருந்த 47 மாடி ஏழாம் எண் கட்டடத்தில் விமானமே மோதவில்லை. வடக்குக் கோபுரத்தின் எரியும் சிதறல்கள் அங்கே தீ மூட்டின. நகரின் தண்ணீர்க் குழாய் உடைந்ததால் கீழ்த்தளங்களில் தீயணைக்க நீர் இல்லை. சூட்டில் விரிந்த உத்திரங்கள் ஒரு முக்கியத் தூணின் பிடிமானத்தை நழுவச் செய்ய, மாலை 5.20க்குக் கட்டடம் சரிந்தது. எல்லோரும் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

கோபுரங்களில் 2,700க்கும் அதிகமானோர் மடிந்தனர். மோதிய தளங்களுக்குக் கீழே இருந்தவர்களில் 99 சதவீதம் பேர் தப்பினார்கள். மேலே இருந்தவர்களின் விதியைத் தீர்மானித்தவை படிக்கட்டுகள். வடக்கில் மூன்றும் துண்டிக்கப்பட்டன. மேலிருந்து ஒருவர்கூட மீளவில்லை. தெற்கில் ஒன்று மிஞ்சியது. அதன் வழியாக 18 பேர் இறங்கினார்கள்.

அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2005லும் 2008லும் வெளியிட்ட அறிக்கைகளின் சாரம் இது. அதன் பலனாக 2009இல் அங்குள்ள மாதிரிக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. உயரக் கட்டடங்களில் தீக்காப்புப் பூச்சு இன்னும் உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். 128 மீட்டரைத் தாண்டும் அலுவலகக் கட்டடங்களுக்குக் கூடுதலாக ஒரு படிக்கட்டு வேண்டும். அந்த 18 பேரைக் கேட்டால், அதன் அருமையைச் சொல்வார்கள்.