ஓய்வறியாத பெடல்கள்: ஃபிக்ஸட் கியர் சைக்கிள் ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டுச் சாலைகளில் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கறுப்பு நிறச் சாதாரண சைக்கிள், முன்னால் ஒரு பல்சக்கரமும் பின்னால் ஒரு பல்சக்கரமும் மட்டுமே கொண்டு, கியர் மாற்றும் வசதி எதுவுமின்றி இயங்குவதால், இன்று உலகெங்கும் சிங்கிள் ஸ்பீட் என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்ததே ஆகும். அதன் பின்சக்கரத்தில் ஃப்ரீவீல் என்ற உறுப்பு இருக்கிறது. மிதிக்கும்போது சக்கரத்தைப் பற்றிச் சுழற்றும் இவ்வுறுப்பு, மிதிப்பதை நிறுத்தியவுடன் பிடியை விட்டு, டிக் டிக் என்ற ஒலியுடன் சக்கரத்தைத் தன்போக்கில் உருள விடுகிறது. ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் இந்த ஓர் உறுப்பு இல்லை. பின்பல்சக்கரம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும். கால்களுக்கு ஓய்வே கிடையாது. கால்களின் வேகத்தைக் குறைத்தால் சைக்கிளின் வேகமும் குறையும்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஃப்ரீவீல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவத் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய சைக்கிள்கள் பெரும்பாலும் இவ்வகையினவாகவே இருந்தன. 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் தொடக்ககால வீரர்கள், பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பல்சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு, மலையேற்றம் வந்ததும் கீழே இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி 1937-இல்தான் அப்பந்தயத்தில் அனைவருக்கும் அனுமதிக்கப்பட்டது. வெலோட்ரோம் எனப்படும், வளைவுகள் சரிவாக உயர்த்தப்பட்ட பந்தயத்தளங்களில் ஃபிக்ஸட் கியர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஜப்பானில் 1948-இல் கொக்குரா நகரில் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கெய்ரின் பந்தயமும் இத்தகைய சைக்கிள்களில்தான் நடைபெறுகிறது.

பந்தயத்தளச் சைக்கிள்களில் பிரேக் இருப்பதில்லை. அங்கே அனைவரும் ஒரே திசையில் செல்வதாலும், ஒருவர் திடீரென்று நின்றால் பின்னால் வருபவர் மோதிவிடுவார் என்பதாலும் அது முற்றிலும் பொருத்தமான ஏற்பாடு. அதைப் பார்த்துப் பொதுச்சாலையிலும் பிரேக் இல்லாமல் ஓட்டுவதைத் திறமையின் அடையாளமாகக் கருதுவோர் உண்டு. அது தவறான, ஆபத்தான எண்ணம். வேகத்தைக் குறைக்கும்போது சைக்கிளின் பாரமும் ஓட்டுபவரின் பாரமும் முன்சக்கரத்துக்கு மாறுவதால், பின்சக்கரம் சாலையை லேசாகவே அழுத்துகிறது. ஆகவே கால்களால் எவ்வளவு வலிமையாக எதிர்த்தாலும் பின்சக்கரம் வழுக்குமே தவிர, முன்பிரேக் தரும் நிறுத்தத்தை அது தராது. பிரிட்டனில் 1983-ஆம் ஆண்டின் விதிகள் ஃபிக்ஸட் சக்கரத்தைப் பின்பிரேக்குக்கு ஈடாக ஏற்றுக்கொண்டு, முன்சக்கரத்துக்குத் தனி பிரேக் வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணமும் இதுவே.

தொடங்குபவர் அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது பற்களின் விகிதம். முன்னால் 44 பற்களும் பின்னால் 16 பற்களும் இருந்தால், பெடலை ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் 2.75 முறை சுற்றி, சாலைச் சைக்கிள்களின் வழக்கமான சக்கர அளவில் ஏறத்தாழ 5.8 மீட்டர் தூரம் செல்லும். நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டும். சமதளச் சாலைக்கு இது பொதுவாகப் போதும். விகிதத்தைக் கூட்டினால் ஏற்றத்திலும் புறப்படும்போதும் முழங்கால்களுக்குச் சுமை கூடும். குறைத்தால் இறக்கத்தில் கால்கள் மிக வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். மேற்கண்ட விகிதத்திலேயே மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது கால்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 முறை சுழலும் என்பதால், இறக்கம் தொடங்கும் முன்பே முன்பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது நல்லது.

சைக்கிளில் ஏறும் முறையே மாற வேண்டியிருக்கிறது. இடது பெடலில் ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலால் சில முறை உந்தி, வண்டி உருளத் தொடங்கியதும் காலைத் தூக்கிப் போட்டு ஏறும் பழக்கம் நம் ஊரில் பரவலாக உள்ளது; ஃபிக்ஸட் கியரிலோ, வண்டி உருளும்போதே அந்தப் பெடலும் காலோடு மேலெழுந்துவிடும். எனவே நின்ற நிலையிலேயே வண்டியின் மேல் கால்களை இருபுறமும் ஊன்றி நின்று, முன்பிரேக்கைப் பிடித்தபடி பின்சக்கரத்தைச் சற்றே தூக்கி, பெடலை மிதிப்பதற்கு வாகான உயரத்துக்குச் சுழற்றி வைத்துக்கொண்டு புறப்படுவதே வழி. ஆளில்லாத திடலில் சில நாட்கள் பழகும்போது, அறியாமலே கால்களை நிறுத்த முயன்று பெடல்களால் மேல்நோக்கித் தள்ளப்படும் அதிர்ச்சி பலமுறை நேரும். மேலெழும் பெடலைக் காலால் மெல்ல அழுத்தி எதிர்க்கப் பழகப் பழக அது மறைந்துவிடும். திருப்பங்களில் உட்புறப் பெடலை மேலே நிறுத்திக்கொள்ளவும் இயலாது. அளவுக்கு மீறிச் சாய்ந்தால் பெடல் தரையில் உரசி வண்டியைக் கவிழ்த்துவிடும் என்பதால், வேகத்தைக் குறைத்தே திரும்ப வேண்டும்.

இருபுறமும் பல்சக்கரம் பொருத்தக்கூடிய ஹப் கொண்ட சைக்கிளைத் தேர்ந்தெடுப்பவர், ஒருபுறம் ஃப்ரீவீலையும் மறுபுறம் ஃபிக்ஸட் பல்சக்கரத்தையும் வைத்துக்கொண்டு, பயம் தெளியும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகலாம். ஃபிக்ஸட் பக்கத்தில் பல்சக்கரம் வலப்புற மரையில் ஏறி இறுகுகிறது; அதன் மேல் வரும் பூட்டுவளையத்தின் மரையோ இடப்புறமானது. கால்கள் எதிர்க்கும்போது பல்சக்கரம் கழல முயன்றால், அந்தச் சுழற்சியே பூட்டுவளையத்தை மேலும் இறுக்கிவிடும். மிக நுட்பமான இந்த ஏற்பாடு ஃப்ரீவீலுக்கென்று செய்யப்பட்ட ஹப்பில் இல்லை. ஆகவே செலவைக் குறைப்பதற்காக அதில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகி ஓட்டுவது சரியல்ல.

செயினின் இறுக்கத்தையும் விட்டுவிட முடியாது. அது தளர்ந்து கழன்றால் பின்சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். மிக இறுக்கினால் சுழற்சி கனத்துவிடும். பல்சக்கரங்கள் மிகத் துல்லியமான வட்டமாக அமைவது அரிது என்பதால், பெடல்களைத் தாங்கும் கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, அங்கே அதன் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அசையுமாறு பின்சக்கரத்தை நகர்த்தி நட்டுகளை முடுக்க வேண்டும். செயினைத் துடைக்கும்போது, சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியைப் பிடிப்பது கூடவே கூடாது. ஃப்ரீவீல் இல்லாத செயின், துணியையும் விரலையும் பல்சக்கரத்துக்குள் இழுத்த பிறகும் சக்கரத்தின் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். துப்பட்டா, வேட்டி, அவிழ்ந்த ஷூ நாடா ஆகியவற்றுக்கும் அதே ஆபத்து உண்டு.