கிளிப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி சுவிட்சை அணைங்க

போன எபிசோட்ல வண்டி பேட்டரி பத்தி ஒரு வரி சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: சார்ஜர் வாங்கி வீட்லயே போடலாமா, வெடிக்குமா? போடலாம். வெடிக்கவும் வெடிக்கும்.

முதல்ல என் கதை. 2020 மார்ச் 25ல ஊரடங்கு ஆரம்பிச்சுது. மந்தைவெளியில எங்க அபார்ட்மென்ட் கீழ அப்பாவோட கார் ரெண்டு மாசம் அசையாம நின்னுச்சு. சாவியைத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். நிறுத்தி வச்ச காரும் சும்மா இருக்காது. கடிகாரம், அலாரம், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. ஒரு மாசத்துக்குக் கணக்குப் போட்டா 21 ஆம்பியர் ஹவர் போயிடும். சின்ன கார்ல இருக்கிறதே 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ரெண்டாவது மாசம் தாங்கவே தாங்காது.

மேல் வீட்டு மாமாகிட்ட ஒரு பழைய சார்ஜர் இருந்தது. தகர டப்பா, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், முன்னாடி ஆம்பியர் காட்டுற முள். "சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. வேற ஒண்ணும் இல்லடா கண்ணா"ன்னு சொல்லிக் கொடுத்தார். நான் இன்ஜினியரிங் படிச்சவன், இதுல என்ன இருக்குன்னு பேட்டரியைக் கழட்டி மாடிக்குத் தூக்கிட்டு வந்து, என் ரூம்லயே ராத்திரி முழுக்கப் போட்டேன். விடியற்காலையில அழுகின முட்டை நாத்தம். பேட்டரியைத் தொட்டா சுடுது. பதற்றத்துல சுவிட்சை அணைக்காம கிளிப்பைப் பிடுங்கினேன். பளிச்னு ஒரு பொறி. ஒண்ணும் ஆகலை. காரணம் என் படிப்பு இல்ல. நாத்தம் தாங்காம அம்மா அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்து ரெண்டு ஜன்னலையும் திறந்து வச்சிட்டுப் போயிருந்தாங்க.

அந்த அஞ்சு நிமிஷத்துல என்ன மாறிச்சுன்னு பார்ப்போம். கார் பேட்டரிக்குள்ள ஆறு அறை. ஈயத் தகடுகள், சுத்தி சல்ஃபூரிக் ஆசிட் கலந்த தண்ணி. முழுசா சார்ஜ் ஆன பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் மாதிரி காட்டும். சார்ஜ் ஏத்தும்போது 14.4 வோல்ட் பக்கம் போனதும் உள்ளே இருக்கிற தண்ணி உடைய ஆரம்பிக்கும்: ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். பள்ளிக்கூடத்துல படிச்ச அதே மின்னாற்பகுப்புதான். நல்ல ஆட்டோமேட்டிக் சார்ஜர் அந்தக் கட்டத்துல மின்னோட்டத்தைக் குறைச்சுக்கும். மாமாவோட டப்பாவுக்கு நிறுத்தத் தெரியாது. ராத்திரி முழுக்க வாயு வந்துட்டே இருந்திருக்கு. காத்துல ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பத்த வைக்க நெருப்புக்குச்சி வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத பொறி போதும். அந்தப் பொறியை நான் பேட்டரி மேலேயே வச்சேன். வெடிச்சா பிளாஸ்டிக் சில்லும் ஆசிட்டும் நேரா முகத்துக்கு வரும்.

கதையைக் கேட்ட எங்க மெக்கானிக் அண்ணன் திட்டலை. "தம்பி, மெயினை அணைக்காம கிளிப்ல கை வைக்கவே வைக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னார். வரிசை இதுதான்: சுவிட்ச் அணைஞ்சிருக்கணும், முதல்ல சிவப்பு, அப்புறம் கறுப்பு, கடைசியில சுவிட்ச். கழட்டும்போது அப்படியே தலைகீழ்: முதல்ல சுவிட்ச், கறுப்பு, சிவப்பு. பேட்டரி கார்லயே இருந்தா கறுப்பு கிளிப்பை மைனஸ் முனையில மாட்டாம, தள்ளி இருக்கிற பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டுங்க. அப்போ பொறி வந்தாலும் வாயு வர்ற இடத்துல வராது. பேட்டரியை வண்டியிலிருந்து கழட்டும்போதும் மைனஸ்தான் முதல்ல. பிளஸ்ஸைக் கழட்டுற ஸ்பேனர் பாடியில பட்டா ஷார்ட் ஆகிடும்.

எந்த சார்ஜர்? ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள்ல கேட்டா எல்லாமே 'ஹெவி டியூட்டி'தான். நீங்க ஆம்பியர் ஹவரைப் பாருங்க, அதுல பத்துல ஒரு பங்கு போதும். 35க்கு 3.5 ஆம்பியர். ஸ்கூட்டர் பேட்டரி 5 ஆம்பியர் ஹவர்தான்னா அரை ஆம்பியர். கார் சார்ஜரை அதுல மாட்டினா வெந்துடும். மூடி திறக்கிற டைப்னா தகடு மூழ்குற அளவு டிஸ்டில்டு வாட்டர் இருக்கான்னு பார்த்துட்டுப் போடுங்க. மெட்ரோ வாட்டர், ஆர்.ஓ. எதுவும் வேண்டாம். கண்ணாடி போட்டுக்கோங்க. ஆசிட் கண்ணுல பட்டா தேய்க்காம குறைஞ்சது 15 நிமிஷம் தண்ணி விட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரி. முட்டை நாத்தம் வந்தா மெயினை அணைச்சுட்டு, காத்து வர வழி பண்ணிட்டு, வெளிய வந்துடுங்க.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வேற கதை. அதுல பெரும்பாலும் இருக்கிறது லித்தியம், லித்தியம்னா ஈய பேட்டரி சார்ஜர் கிட்டயே போகக்கூடாது. 2022 மார்ச் கடைசியில வேலூர்ல ஒரு வீட்டுல ராத்திரி சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிஞ்சு, புகையில மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தாங்க. தீயை விடப் புகைதான் முதல்ல வந்து சேருது. அதுக்கப்புறம் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமா கொண்டு வந்தது. சார்ஜர் தானே நின்னுடணும்ங்கிறதும் அதுல ஒண்ணு. அதுக்கு முன்னாடி வாங்கின வண்டி உங்ககிட்ட இருக்கலாம். அதனால நான் கேட்கிறது ஒண்ணுதான்: வீட்டை விட்டு வெளிய ஓடுற வழியில, வாசல்கிட்ட, மாடிப்படிக்குக் கீழ சார்ஜ் போடாதீங்க. மிக்ஜாம் மாதிரி மழையில முங்கின வண்டின்னா, காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் சர்வீஸ் ஆள் பார்க்கிற வரைக்கும் பிளக்கைத் தொடாதீங்க.

மாமாவோட தகர டப்பா இன்னும் எங்க லாஃப்ட்லதான் இருக்கு. அவர் கேட்கும்போதெல்லாம் அப்பா, "தேடிட்டே இருக்கேன் சார்"னு சொல்லிடுறார்.